காதால் ஆங்கிலம் கற்க: எஃப்எம் ரேடியோவா, பதிவிறக்கிய ஒலியா, செயலியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் ஆங்கிலம் காதில் விழுவதே குறைவு. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழும் மலாயும், அலுவலகத்தில் மலாய். பள்ளியில் பாடவேளை மணி அடித்ததும் ஆங்கிலமும் ஓய்ந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை பயிற்சிப் புத்தகத்தில் நல்ல மார்க் வாங்கும். ஆசிரியர் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசினால் பக்கத்து மேசையைப் பார்க்கும். 2021 முதல், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலத்தில் கேட்டல் நான்காம் தாளாகத் தனியே வருகிறது: 40 நிமிடம், 30 கேள்வி. வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஈப்போவில் ஹோட்டல் வேலைக்கான நேர்காணலில் கேள்வியே பிடிபடாவிட்டால், தெரிந்த பதிலும் வாயில் வராது.

"ரேடியோவைக் கேளு, இங்கிலீஷ் தானா வரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாதிதான் சரி. கேட்கத்தான் வேண்டும், ஆனால் தானாக வராது. எதைக் கேட்பது என்பதை ஆளின் நிலைதான் முடிவு செய்யும். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு எஃப்எம் ரேடியோவை முதல் வழியாக நாங்கள் சொல்வதில்லை. எழுத்துப்படி சேர்ந்த, பதிவிறக்கிய குறும்பதிவுதான் முதலில் வேண்டும். ரேடியோ அதற்குப் பிறகு.

எந்த வழியானாலும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நிறுத்தித் திரும்பக் கேட்க முடிகிறதா? பேசியது எழுத்தாகக் கிடைக்கிறதா? முதல் தடவை கேட்கும்போதே பாதிக்கு மேல் புரிகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் கற்கலாம். ஒன்றுக்கு மட்டும் 'ஆம்' என்றால் அது பொழுதுபோக்கு. அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, பேச்சு ஆங்கிலத்தில் 98 விழுக்காட்டுச் சொற்கள் பிடிபட 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் (ஒரு மூலச் சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எழுத்துப்படியில் தொடர்ச்சியாக 100 சொல் எண்ணி, தெரியாதவற்றை வட்டமிடுங்கள். ஐந்துக்குள் இருந்தால் அந்தப் பதிவு உங்களுக்கு ஏற்றது. ஐந்திலிருந்து பத்து வரை என்றால் உழைத்தால் முடியும். பத்தைத் தாண்டினால் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அதை எத்தனை தடவை போட்டாலும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

இதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். முதலில் கேளுங்கள், பிறகு படியுங்கள். காதில் பிடிபடாத சொல் தாளில் பார்த்ததும் தெரிந்த சொல்லாக இருந்தால், குறை சொல்வளத்தில் இல்லை, காதில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வகைதான். ஆங்கிலத்தை அவர்கள் கண்ணால் கற்றவர்கள். 'ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம் எபௌட் இட்' என்று தாளில் ஏழு சொல் இருக்கும். பேசும்போது வருவது 'ஐஷுடவ் டோல்டிம் எபௌடிட்' என்ற மூன்று துண்டுதான். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறத்தாழ அதனதன் நேரத்தைக் கொடுத்துப் பேசுகிறோம். மலேசிய ஆங்கிலமும் பெரும்பாலும் அப்படித்தான். பிரிட்டிஷ்காரரும் அமெரிக்கரும் முக்கியச் சொல்லை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். 'கேன்' என்பது அவர்கள் வாயில் 'கன்' என்று தேய்ந்து போகும். அதன் எதிர்மறை பிரிட்டிஷ் பேச்சில் 'காண்ட்' என்று நீளும். அமெரிக்கப் பேச்சிலோ கடைசி 'ட்' பல நேரம் கேட்கவே கேட்காது. உயிரொலியின் அழுத்தத்தை வைத்துத்தான் முடியுமா முடியாதா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை அகராதி சொல்லித் தராது. ஒரே வாக்கியத்தைத் தாளோடு வைத்துப் பத்துத் தடவை கேட்டால்தான் காது பழகும். நேரலை ரேடியோவில் அந்த வாக்கியம் ஒரு தடவைதான் வரும்.

எஃப்எம் ரேடியோ

செலவில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியே போதும். டேட்டா வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை. அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் ஆங்கில அலைவரிசை டிராக்ஸ் எஃப்எம். தனியாரில் ஹிட்ஸ், மிக்ஸ், லைட், ஃபிளை என்று வரிசையாக உண்டு.

சிக்கல் என்னவென்றால் இவற்றில் பெரும்பங்கு பாட்டு. ஒரு மணி நேரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் கூட்டிப் பாருங்கள்; விளம்பரத்தைக் கழித்தால் மிஞ்சுவது உங்களுக்கே தெரிந்துவிடும். காலை நிகழ்ச்சிகளில் பேச்சு கூடுதல்தான். ஆனால் அது இரண்டு மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசும் பேச்சு, நடுவில் மலாய்ச் சிரிப்புத் துணுக்கு வேறு. பழகியவருக்குச் சுவை, புதியவருக்குத் தலைவலி.

எஃப்எம்மில் கற்பவருக்கு உண்மையில் பயன்படுவது செய்தி அறிக்கை. அதைக் கேட்க நல்ல உத்தி ஒன்று உண்டு: முதலில் மின்னலில் தமிழ்ச் செய்தி கேளுங்கள், அதே நாளில் பிறகு டிராக்ஸில் ஆங்கிலச் செய்தி கேளுங்கள். பெட்ரோல் விலை, வெள்ளம், நாடாளுமன்றம் என்று விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் மூளைக்கு மொழியைக் கவனிக்க நேரம் கிடைக்கும். அமைச்சர் பெயரும் ஊர்ப் பெயரும் தெரிந்தவை. அவற்றைப் பிடித்துக்கொண்டே இடையில் உள்ள வினைச்சொற்களைப் பொறுக்கலாம். இது ஒன்றுக்காகவே எஃப்எம்மை முழுதாகத் தள்ளிவிட மாட்டோம்.

அலைவரிசை சரியாக எடுக்காவிட்டால் பெட்டியைக் குறை சொல்லுமுன் இடத்தைப் பாருங்கள். ஈப்போவை ஒட்டிய கிளேடாங் மலையில்தான் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். இடையில் குன்று வந்தால் அதன் நிழலில் உள்ள வீட்டில் கரகரக்கும். தகரக் கூரையும் அலையை மறைக்கும். ரேடியோவை ஈப்போ பக்கம் பார்த்த சன்னலில் வையுங்கள். ஆன்டெனாவை முழுதாக இழுத்துவிடுங்கள். எஃப்எம் அலைநீளத்தில் கால் பங்கு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், அதற்குக் குறைந்தால் பிடிப்பும் குறையும். கைப்பேசியில் எஃப்எம் கேட்பவருக்கு இயர்ஃபோன் கம்பிதான் ஆன்டெனா. அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு "லைன் இல்லை" என்றால் எப்படி? இயர்ஃபோன் ஓட்டை இல்லாத புதிய கைப்பேசிகள் பலவற்றில் எஃப்எம்மே கிடையாது. வாங்குமுன் கடையில் செருகிக் கேட்டுப் பாருங்கள்.

சில கைப்பேசிகளின் எஃப்எம் செயலியில் பதிவுப் பொத்தான் இருக்கும். அது இருந்தால் எஃப்எம்மின் பெரிய குறை பாதி தீர்ந்தது. செய்தியைப் பதிந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கலாம். எழுத்துப்படிக்கு வழி இல்லை. ஆனால் மறுநாள் ஆங்கில நாளிதழில் அதே செய்தியைத் தேடினால் பெயர்களும் கலைச்சொற்களும் கிடைத்துவிடும்.

எழுத்துப்படியோடு பதிவிறக்கம்

எளிதில் கிடைப்பவற்றுள் மூன்று கேள்விக்கும் 'ஆம்' சொல்வது இந்த வழிதான். இரண்டு களஞ்சியம் போதும், இரண்டும் இலவசம்.

தொடக்க நிலைக்கு விஓஏ லேர்னிங் இங்கிலீஷ். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா (விஓஏ) என்ற அமெரிக்க அரசு வானொலி 1959 அக்டோபர் 19-இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் தொடங்கியது இது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்கள், குட்டை வாக்கியங்கள், வழக்கமான செய்தி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகம். 2025 மார்ச்சில் அந்த வானொலியின் ஊழியர்கள் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். ஆகவே புதிய நிகழ்ச்சியை நம்பி இறங்க வேண்டாம். பழைய பதிவுகளே ஒரு மாணவருக்கு ஆண்டுக் கணக்கில் வரும். அடியோடு தொடங்குபவருக்கு அதிலேயே 52 பாடங்கள் கொண்ட அடிப்படைத் தொடர் ஒன்று உண்டு. குறை என்னவென்றால் இந்த வேகம் செயற்கையானது. சொற்கள் தனித்தனியாக நிற்கும். ஆறு மாதத்துக்கு மேல் இதிலேயே தங்கினால் காது சோம்பிவிடும், நேர்காணலில் பேசுபவர் இப்படி நிறுத்தி நிறுத்திப் பேச மாட்டார்.

இடைநிலைக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்'. இருவர் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி போடுவார்கள், விடை கடைசியில் வரும், இடையில் ஆறு சொல்லை விளக்குவார்கள். எழுத்துப்படியும் கூடவே கிடைக்கும். நடுவில் ஒலிக்கும் நேர்காணல் துண்டு மட்டும் இயல்பான வேகத்தில் இருக்கும். தொகுப்பாளர்கள் சற்று நிதானமாகப் பேசுவார்கள். இந்த வித்தியாசம் கற்பவருக்கு நல்லது.

ஆறு நிமிடப் பதிவு ஒன்றை நான்கு நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தாளைத் தொடாமல் இரண்டு தடவை கேட்டு, யார், எதைப் பற்றி, என்ன முடிவு என்று தமிழிலேயே மூன்று வரி எழுதுங்கள். தமிழில் எழுதுவது குற்றமில்லை. சோதிப்பது புரிதலை, எழுத்தாற்றலை அல்ல. இரண்டாம் நாள் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். பிடிபடாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். பிறகுதான் எழுத்துப்படி. கோடு போட்ட இடங்களை ஒப்பிட்டு, தெரியாத சொல்லுக்கு 'சொ' என்றும் தெரிந்தும் கேட்காத சொல்லுக்கு 'கா' என்றும் ஓரத்தில் குறியுங்கள். இரண்டு வாரத்தில் எந்த எழுத்து அதிகம் என்று பார்த்தால் உழைப்பை எங்கே போடுவது என்று தெரியும். மூன்றாம் நாள் 'கா' வாக்கியங்களை மட்டும் பேசுபவரோடு சேர்ந்தே, அரை நொடி பின்னால், வாய்விட்டுச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் பயனில்லை. வாய் சேர்த்துச் சொல்லப் பழகிய ஒலியைக் காது எளிதில் பிடிக்கும். நான்காம் நாள் தாள் இல்லாமல் முழுதாக ஒரு தடவை.

இதில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். முதலிலேயே தாளைப் பார்ப்பது ஒன்று; கண் படித்ததைக் காது கேட்டதாக மனசு நம்பிவிடும். பன்னிரண்டு பதிவை இறக்கி வைத்து ஒவ்வொன்றையும் ஒரு தடவை கேட்டு முடிப்பது இன்னொன்று. தெரியாத எல்லாச் சொல்லையும் நோட்டில் எழுதுவது மூன்றாவது. பதிவுக்கு ஆறு சொல் போதும்.

டேட்டாவைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு: 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 29 மெகாபைட், 128 கிலோபிட்டில் 58. ஆறு நிமிடப் பதிவு ஆறு மெகாபைட்டைத் தாண்டாது. டவுனுக்கு வரும்போது வைஃபை உள்ள இடத்தில் வாரத்துக்கு இரண்டு பதிவை இறக்கினால் மேட்டுத் தோட்டத்தில் லைன் இல்லாவிட்டாலும் தடையில்லை. அதையே யூடியூபில் படத்தோடு பார்த்தால் பல மடங்கு டேட்டா போகும், கண்ணும் படத்தில் சிக்கிக்கொள்ளும்.

பேச்சு வானொலியும் பாட்காஸ்டும்

பிஎஃப்எம் 2008-இல் தொடங்கிய வணிகப் பேச்சு வானொலி. அதன் 89.9 அலைவரிசை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு உரியது. பேராக்கில் இருப்பவர் செயலியிலோ பாட்காஸ்டாகவோ கேட்க வேண்டும். இதன் பலம், பேசுவது நம் நாட்டு விஷயம்: இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), குறைந்தபட்சச் சம்பளம், வீட்டுக் கடன், மருத்துவமனை. உச்சரிப்பும் நாளை நேர்காணலில் எதிரே உட்காரப் போகிறவரின் உச்சரிப்புத்தான். லண்டன் ஆங்கிலம் மட்டுமே கேட்டுப் பழகியவர் ஈப்போ மேலாளரிடம் தடுமாறுவது உண்டு. பலவீனம், சொல்வளம் கடினம், எழுத்துப்படி பொதுவாகக் கிடைக்காது. 100 சொல் சோதனையில் நாளிதழின் வணிகப் பக்கம் ஐந்துக்குள் வருகிறவருக்கு இது சரியான அடுத்த படி. படிவம் மூன்று (இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு) மாணவருக்கு இது வேண்டாம்.

வேகத்தைக் குறைக்கும் வசதி பற்றி ஒரு சொல். முக்கால் வேகம் வரை பயன்படும். அதற்குக் கீழே போனால் ஒலி இழுபட்டு, அழுத்தத் தாளமே கெட்டுவிடும். முக்கால் வேகத்திலும் புரியவில்லை என்றால் சிக்கல் வேகத்தில் இல்லை, பதிவுத் தேர்வில்.

மற்றவை

சிற்றலை ரேடியோ வாங்கலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள், பிபிசியை அப்படிக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இப்போது வேண்டாம். சிங்கப்பூர் கிராஞ்சியில் இருந்த பிபிசியின் மறுஒலிபரப்பு நிலையம் 2023-இல் மூடப்பட்டது. அந்தப் பணத்துக்கு நல்ல கம்பி இயர்ஃபோன் இரண்டு வாங்கலாம்.

லிப்ரிவாக்ஸில் காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து வைத்திருக்கிறார்கள். இலவசம்தான், நூலும் எழுத்தாகக் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலம். வாசிப்பவரின் தரமும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். இலக்கிய ஆர்வம் உள்ளவருக்கு மட்டும்.

ஆங்கிலப் பாட்டு கேட்டு மொழி கற்கலாம் என்பது பிள்ளைகளின் வாதம். பாட்டில் அழுத்தம் மெட்டுக்காக இடம் மாறும். உற்சாகத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

குறைத்து மதிப்பிடப்படுவது வாட்ஸ்அப் குரல் செய்தி. பள்ளி ஆசிரியரோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவோ தினமும் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி அனுப்பினால், அது சரியான நிலையில், நம் ஊர் விஷயத்தில், திரும்பக் கேட்கக்கூடியதாக இருக்கும். எழுத்துப்படியை இரண்டு மணி நேரம் கழித்து அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளி முடித்து, படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு விஓஏவைவிட இதுவே பொருத்தம். ஆள் கிடைப்பதுதான் கடினம். கிடைத்தாலும் மூன்றாம் வாரத்தில் ஓய்ந்துவிடுவார், ஆகவே இரண்டு பேரிடம் மாற்றி மாற்றிப் பொறுப்புக் கொடுங்கள்.

எங்கே, எப்போது கேட்பது

கவனமாகக் கேட்பதும் சும்மா காதில் விழவிடுவதும் வேறு வேறு. மேலே சொன்ன நான்கு நாள் வேலைக்கு மேசை, பென்சில், இருபது நிமிட அமைதி வேண்டும். அதை முடித்த பதிவுகளைத் திரும்பக் கேட்பதற்குத்தான் பேக்டரி பஸ்ஸும் சமையலறையும். புதிய பதிவைச் சமைத்துக்கொண்டே கேட்டால், கடுகு வெடிக்கும் சத்தத்தில் வினைச்சொல் போய்விடும்.

வேலைக்காட்டில் இயர்ஃபோன் கூடாது. செம்பனைக் குலை ஒன்று பத்து கிலோவுக்கு மேல், பெரியது இருபதைத் தாண்டும். மட்டை முறியும் சத்தம் காதில் விழுந்தால்தான் விலக முடியும். விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போகிறவருக்கும் இருட்டில் காதுதான் கண். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) காத்திருக்கும் பத்து நிமிடம், திரும்பி வந்து கால் கழுவிய பின் அரை மணி நேரம், இவை போதும். மோட்டார் சைக்கிளிலும் வேண்டாம்.

ஆளுக்கேற்ற தேர்வு

புகுமுக வகுப்பும் படிவம் ஒன்றும்: குரல் செய்தி, அதோடு விஓஏவின் தொடக்க நிலைத் தொடர். எஃப்எம் பின்னணியில் ஓடட்டும், எதிர்பார்ப்பு வேண்டாம்.

வேலை தேடுபவர்: பிபிசி ஆறு நிமிடம் மூன்று மாதம், மின்னல்-டிராக்ஸ் இரட்டைச் செய்தி தினமும், நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு பிஎஃப்எம் பேட்டி. நேர்காணல் தேதி இரண்டு வாரத்தில் என்றால் இதெல்லாம் காணாது. அப்போது ஒரு நண்பரை வைத்து வழக்கமான பத்துக் கேள்வியைப் பதிந்து அதை மட்டும் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு விஓஏ நன்றாக ஒத்துவரும், பிள்ளையின் எழுத்துப்படியைப் பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் லாபம்.

எஸ்பிஎம் மாணவர் நான்காம் படிவத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். ஐந்தாம் படிவத்தின் இரண்டாம் பாதியில் பழக்கத்தை மாற்ற வேண்டும், ஏனென்றால் தேர்வில் ஒலிப்பதிவு இரண்டு தடவைதான் ஓடும். கேள்வியை முதலில் படிக்க முப்பது நொடி, முதல் கேட்பில் விடை, இரண்டாம் கேட்பில் சரிபார்ப்பு, அத்தோடு நிறுத்த வேண்டும். பழைய தேர்வுப் பதிவுகளை இயர்ஃபோனில் மட்டும் கேட்டுப் பழகாதீர்கள். தேர்வன்று வகுப்பறையில் ஒலிபெருக்கியில்தான் வரும், மின்விசிறிச் சத்தத்தோடு. வீட்டில் ரேடியோப் பெட்டியில் யுஎஸ்பி துளை இருந்தால் பதிவை அதில் போட்டு, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து, விசிறியை மூன்றில் வைத்துக் கேளுங்கள்.